இறங்கும் பேஸ் ஏன் அழுகிறது? மேற்கத்திய இசையில் பொருள் பற்றி ஹானர்ஸ் கட்டுரை எழுதுவது எப்படி

மூன்றாமாண்டு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இசை பயில்கிறேன். இங்கே இளங்கலைப் படிப்பு நான்கு ஆண்டுகள். அவற்றில் கடைசி இரண்டையும் ஹானர்ஸ் ஆண்டுகள் என்பார்கள். இந்த ஆண்டு இசையும் பொருளும் பற்றிய விருப்பப் பாடம் ஒன்றை எடுத்திருக்கிறேன். இசை எதையாவது சொல்கிறதா, சொல்கிறதென்றால் எந்த வழியில் சொல்கிறது என்பதுதான் ஆண்டு முழுவதும் எங்கள் கேள்வி.

முதல் கட்டுரைக்கு ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்சலின் 'டைடோவும் ஏனியஸும்' ஓபராவில், காதலன் ஏனியஸால் கைவிடப்பட்ட டைடோ இறப்பதற்கு முன் பாடும் புலம்பலை எடுத்துக்கொண்டேன். அதில் பேஸ், அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்கும் சுரவரிசை, ஜி-யில் தொடங்கி எஃப் ஷார்ப், எஃப், ஈ, ஈ ஃப்ளாட், டி என்று அரை அரைச் சுரமாக இறங்கி, ஐந்து பார்களில் (பார் என்பது தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் போன்ற அளவு) ஒரு சுற்றை முடித்து, பாட்டு முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. "பேஸ் இப்படி இறங்குகிறது, ஆகவே இசை துயரத்தை உணர்த்துகிறது" என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அந்த 'ஆகவே'யை வட்டமிட்டு, ஓரத்தில் "மாடிப்படியும்தான் இறங்குகிறது" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. அந்த 'ஆகவே'க்குப் பதிலாக என்ன எழுதியிருக்க வேண்டும் என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாசிப்புப் பட்டியலில் ஹான்ஸ்லிக், மேயர், குக், ராட்னர், அகாவு, மொனெல், ஹாட்டன் என்று இசையின் பொருள் பற்றி எழுதியவர்களின் பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. ஒவ்வொருவரையும் படிக்கும்போது அவர் சொல்வதே சரி என்று தோன்றுகிறது. அடுத்தவரைப் படித்ததும் அது கலைந்துவிடுகிறது. சிறுவயதில் பத்து ஆண்டுகள் கர்நாடக வாய்ப்பாட்டுப் பயின்றவள் என்பதால், முகாரி என்றதும் சோகம் என்று மனம் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. இந்தப் பழக்கம் என் படிப்புக்குத் துணையா, தடையா? இத்துறையில் பயின்றவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஒத்திசைவு எழுதியது:

வணக்கம். இசையியலில் முனைவர் பட்டம் முடித்தவன் நான். ஹானர்ஸ் மாணவர்களின் கட்டுரைகளைச் சில ஆண்டுகள் திருத்தியும் இருக்கிறேன். உங்கள் ஆசிரியரின் குறிப்பு குறும்பானது, ஆனால் நியாயமானது. இறங்குதல் என்பது சுரங்களில் நடக்கும் ஒரு செயல். துயரம் என்பது கேட்பவர் அதற்குத் தரும் பொருள். இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். நீங்கள் 'ஆகவே' என்ற ஒரே சொல்லால் ஆற்றைத் தாண்டியிருக்கிறீர்கள்.

அந்தப் பாலம் வரலாற்றில் இருக்கிறது. இத்தாலிய இசையமைப்பாளர் மான்டெவெர்டி 1638-இல் வெளியிட்ட எட்டாம் மாட்ரிகல் (பல குரல் பாட்டு) தொகுப்பில், காதலனால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் புலம்பல் இருக்கிறது. ஏ, ஜி, எஃப், ஈ என்ற நான்கு சுரங்கள் அடியில் ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்க, மேலே அவள் பாடுகிறாள். மற்றக் குரல்கள் கையின் தாளத்திற்கும், அவள் குரல் மட்டும் மனத்தின் உணர்ச்சித் தாளத்திற்கும் ஏற்பப் பாட வேண்டும் என்று மான்டெவெர்டி குறிப்பே எழுதி வைத்திருக்கிறார். அதன்பின் கவல்லி என்ற இசையமைப்பாளர் முதலானோரின் வெனிஸ் ஓபராக்களில் இந்த நான்கு சுர இறக்கம் புலம்பல் காட்சிகளின் அடையாளமாகவே ஆயிற்று. எலன் ரோசண்ட் 1979-இல் எழுதிய கட்டுரை இந்த வரலாற்றைத்தான் விரிக்கிறது. உங்கள் பட்டியலில் அது இல்லையென்றால் உடனே தேடிப் படியுங்கள். 1680-களில் எழுதும் பர்சல், ஏற்கெனவே கண்ணீர் படிந்த ஒரு பேஸைத்தான் எடுத்துக்கொள்கிறார். இடையில் உள்ள அரைச்சுரங்களையும் நிரப்பி, நான்கு பார்கள் என்று காது எதிர்பார்க்கும் சுற்றை ஐந்து பார்களாக நீட்டுவது அதற்கு மேல் அவர் செய்யும் வேலை.

இதோடு நிறுத்தினாலும் கட்டுரை தேறிவிடும். ஆனால் ஹானர்ஸ் நிலையில் எதிர்ச்சான்றை நீங்களே தேடிக்கொண்டு வருவதுதான் எதிர்பார்ப்பு. மான்டெவெர்டியின் பெயரில் வழங்கும் 'பொப்பேயாவின் முடிசூட்டல்' ஓபரா 1643-இல் மேடையேறியது. அதன் கடைசிக் காதல் பாட்டைக் கேளுங்கள். (அந்தப் பாட்டை எழுதியது மான்டெவெர்டிதானா என்பது தனி வழக்கு.) அங்கும் பேஸில் நான்கு சுரங்கள் இறங்கிக்கொண்டேதான் இருக்கின்றன, ஆனால் ஜி மேஜரில். (மேஜர், மைனர் என்பவை மேற்கத்திய இசையின் இரு முக்கியச் சுர அமைப்புகள்; டைடோவின் புலம்பல் மைனரில் அமைந்தது.) நீரோவும் பொப்பேயாவும் ஒருவரையொருவர் பார்த்து உருகுகிறார்கள். அந்தப் பாட்டில் யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் கைவிடவில்லை. இறக்கம் மட்டுமே துயரம் என்றால் இந்தப் பாட்டுக்கு விளக்கமே கிடையாது. மைனர், அரைச்சுரங்கள், நிதானமான நடை, மேடையில் நிற்கும் கைவிடப்பட்ட பெண், முன்பு கேட்ட புலம்பல்களின் நினைவு ஆகிய இத்தனையும் ஒன்றுகூடும்போதுதான் அந்த இறக்கம் புலம்பலாகிறது.

பாக் இதைவிடச் சுவையான சிக்கலைத் தருகிறார். பி மைனர் மாஸ் என்ற கிறிஸ்தவ வழிபாட்டு இசைப் படைப்பில் கிறிஸ்து சிலுவையில் அறையப்படும் பகுதியில், ஈ மைனரில், அரைச்சுரங்களாக இறங்கும் நான்கு பார் பேஸ் 13 முறை வருகிறது. 12 முறையும் ஈ மைனர் என்ற வீட்டுக்கே திரும்பி வரும் இசை, கடைசி முறை கல்லறையில் வைக்கப்பட்டார் என்ற சொற்களின்போது ஜி மேஜருக்கு மாறி முடிகிறது. இந்த இசையைப் பாக் 1714-இலேயே வைமார் நகரில் ஒரு கான்டாட்டாவுக்காக (தேவாலயப் பாட்டுத் தொகுதி) எழுதிவிட்டார். அங்கே சொற்கள் அழுகை, புலம்பல், கவலை, அச்சம் என்று போகின்றன. சிலுவையேற்றக் கதை அங்கே பாடப்படுவதில்லை. மேஜருக்குப் போகும் அந்த முடிவும் அங்கே இல்லை. ஒரே இசை இரண்டு வகைச் சொற்களுக்கும் பொருந்துகிறதென்றால், இசையின் பொருள் சொற்களைவிட அகலமானது என்றாகிறது. முடிவை அவர் மாற்ற வேண்டியிருந்தது என்பதால், அந்த அகலத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்றும் ஆகிறது. என்னைக் கேட்டால், அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று அளப்பதுதான் உங்கள் பாடம்.

திருவையாற்றுக் காது எழுதியது:

நான் பேராசிரியன் அல்லன்; ஓய்வு பெற்ற பொறியாளன், மேற்கத்திய இசையை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வருபவன். மேலே எழுதியவர் எவ்வளவு அழகாகக் கட்டினாலும், எனக்கு ஹான்ஸ்லிக் பக்கமே சாய்வு. 1854-இல் வெளிவந்த நூலில் அவர் வைத்த சான்றை இன்றுவரை யாரும் முழுதாகத் தள்ளிவிட்டதாக நான் கருதவில்லை. க்ளுக் 1762-இல் வியன்னாவில் மேடையேற்றிய ஓபராவில், மனைவியை இரண்டாம் முறையும் இழந்த ஓர்ஃபியஸ், அவளின்றி என்ன செய்வேன் என்று பாடுகிறான். அந்த மெட்டு சி மேஜரில் அமைந்தது. அவளை இழந்தேன் என்ற இடத்தில் அவளைக் கண்டடைந்தேன் என்ற சொற்களைப் போட்டாலும் மெட்டு அப்படியே பொருந்தும், சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே பொருந்தும் என்றார் ஹான்ஸ்லிக். ஒலித்தபடி நகரும் வடிவங்களே இசையின் உள்ளடக்கம், உணர்ச்சி அதில் குடியிருப்பதில்லை என்பது அவர் வாதம்.

மகளே, உன் முகாரிக் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. முகாரி என்றால் அழுகை என்று நம் ஊரில் பேச்சுவழக்கே உண்டு. ஆனால் தியாகராஜர் முகாரியில் 'எந்தனினே' என்று தொடங்கிப் பாடுவது சபரி பெற்ற பாக்கியத்தை. இராமனைக் கண்டு, கனி கொடுத்து உபசரித்த ஒருத்தியின் பேற்றை எப்படி வருணிப்பேன் என்று அவர் வியக்கிறார். அந்தக் கீர்த்தனையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு ஹான்ஸ்லிக்கைப் புரிந்துகொள்வதில் என்ன தடை இருக்க முடியும்?

பழைய பியானோ எழுதியது:

சென்னையில் முப்பது ஆண்டுகளாகப் பியானோ கற்பித்து வருகிறேன். கோட்பாட்டு நூல்களில் பாதியை நான் படித்ததில்லை. ஆனால் ஒரு சொனாட்டாவின் முதல் இரண்டு பார்களை விரலுக்கடியில் வைத்துப் பார்த்தால், இங்கே நடக்கும் வழக்கு முழுவதையும் அதிலேயே பார்த்துவிடலாம் என்பதால் எழுதுகிறேன்.

பீத்தோவனின் 81ஏ எண்ணுள்ள சொனாட்டா. 1809 மே மாதத் தொடக்கத்தில், நெப்போலியனின் படை நெருங்கி வந்ததால், பீத்தோவனின் மாணவரும் புரவலருமான இளவரசர் ருடால்ஃப் அரச குடும்பத்தோடு வியன்னாவைவிட்டு வெளியேறினார். பீத்தோவன் நகரிலேயே தங்கிவிட்டார்; சில நாட்களில் நகரம் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. சொனாட்டாவின் மூன்று பகுதிகளுக்கும் விடைபெறல், இல்லாமை, மறுபடி காணல் என்று பெயர். முதல் மூன்று சுரங்களின் மேல் 'லே-பே-வோல்' என்று எழுத்துப் பிரித்து எழுதியிருக்கிறது. போய்வருக என்பதற்கான ஜெர்மன் சொல் அது. வெளியீட்டாளர் பிரெஞ்சுத் தலைப்பை அச்சிட்டபோது பீத்தோவன் கோபித்துக்கொண்டார். ஜெர்மன் சொல்லை ஒரே ஒருவரிடம் மனமுருகிச் சொல்வார்கள், பிரெஞ்சுச் சொல்லைக் கூட்டத்துக்கும் ஊருக்கும் பொதுவாகச் சொல்வார்கள் என்பது அவர் குறை.

இனிச் சுரங்களுக்கு வருவோம். மேல்குரலில் ஜி, எஃப், ஈ ஃப்ளாட். அதற்குக் கீழே ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட். மூன்றாவதாகக் கீழே ஜி வர வேண்டும். இந்த மூன்று ஜோடிகளையும் பீத்தோவன் கற்பனை செய்து உருவாக்கவில்லை. அக்கால ஹார்ன் என்ற ஊதுகருவியின் உடலிலிருந்தே அவை வருகின்றன. வால்வு இல்லாத வெறும் குழாயில், ஒரே அடிச்சுரத்தின் மேற்சுரங்களை மட்டுமே திறந்த ஒலியாக ஊத முடியும். ஈ ஃப்ளாட் குழாயில் 8, 9, 10 ஆகிய எண்களுக்குரிய மேற்சுரங்கள் ஈ ஃப்ளாட், எஃப், ஜி. 5-உம் 6-உம் ஜி, பி ஃப்ளாட். ஏழாவது சுரம் நம் சுருதிக்குச் சேராமல் தாழ்ந்து ஒலிப்பதால் அதைத் தாண்டிவிடுவார்கள். இரண்டு ஹார்ன்காரர்கள் சேர்ந்து ஊதும்போது மேலாள் 10, 9, 8 என்றும் கீழாள் 8, 6, 5 என்றும் இறங்குவார்கள். நடுவில் விழும் ஜோடி ஒரு வெற்று ஐந்தாம் இடைவெளி. காட்டில் வேட்டையின்போதும், நெடுஞ்சாலையில் அஞ்சல் வண்டி வரும்போதும் போகும்போதும் மக்கள் கேட்டது ஹார்னின் குரலைத்தான். அதனால் பியானோவில் இந்த மூன்று ஜோடிகள் ஒலித்ததுமே அக்கால வியன்னாக்காரர் காதில் தொலைவு, பயணம், திறந்த வெளி எல்லாம் ஒரு நொடியில் வந்து நின்றிருக்கும்.

ஆனால் மூன்றாவது ஜோடியைப் பீத்தோவன் வரவேண்டியபடி வரவிடுவதில்லை. மேலே ஈ ஃப்ளாட் சரியாக வந்து சேர்கிறது. பேஸோ வீட்டுக்குப் போகாமல் சி-க்கு வழுக்கி, சி மைனர் கார்டாகிவிடுகிறது (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). போய்வருக என்ற சொல்லின் கடைசி எழுத்தில் தரை நழுவுகிறது. என் மாணவர்களை முதலில் பேஸை ஈ ஃப்ளாட்டாக மாற்றி வாசிக்கச் சொல்வேன். அப்போது அது அஞ்சல் வண்டிக்காரன் ஊதுவது போலச் சாதாரணமாக இருக்கும். பிறகு எழுதியபடி வாசிக்கச் சொல்வேன். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் ஒருமுறை மூன்றாவது கார்டில் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த சி மைனர்தான் பிறகு இரண்டாம் பகுதியான இல்லாமையின் சுருதியாக அமைகிறது என்பதை அவனுக்கு அடுத்த வாரம்தான் காட்டினேன்.

திருவையாற்று நண்பர் ஹான்ஸ்லிக்கைக் கொண்டுவந்தார். அந்த சி மைனரை ஹான்ஸ்லிக் வடிவம் என்பார். நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஹார்னின் நினைவு இல்லாத ஒருவருக்கு அந்த வடிவத்தில் பாதிதான் கேட்கும்.

ஒத்திசைவு எழுதியது:

பழைய பியானோ அம்மா எழுதியதில் உங்கள் வாசிப்புப் பட்டியலின் பெரும்பகுதி அடங்கிவிட்டது. பெயர்களை மட்டும் ஒட்டிக் காட்டுகிறேன். ஹார்ன் ஜோடிகளைப் போல, ஒரு சமூக வழக்கத்திலிருந்து இசைக்குள் வந்து அடையாளமாக நிற்கும் உருவை 'டாபிக்' என்று அழைத்தவர் லியோனார்ட் ராட்னர், 1980-இல். வேட்டை, படைநடை, மினுவெட் என்ற நடனம், மேய்ச்சல் நில இசை போன்றவை அவர் பட்டியலில் உண்டு. அந்தப் பட்டியலைக் குறியியலோடு (அடையாளங்கள் எப்படிப் பொருள் தருகின்றன என்ற துறை) இணைத்து, டாபிக்குகள் ஒரு பக்கம் ஓட, தொடக்கம், நடு, முடிவு என்ற வடிவ இயக்கம் மறுபக்கம் ஓட, இரண்டின் விளையாட்டாகச் செவ்வியல் கால இசையைப் படித்தவர் கோஃபி அகாவு, 1991-இல். அம்மா சொன்ன நழுவும் பேஸை லியோனார்ட் மேயரின் வழியில் விளக்கலாம்: எதிர்பார்ப்பு எழுப்பப்பட்டுத் தடைபடும் இடத்தில்தான் உணர்ச்சி பிறக்கிறது என்பது 1956-இல் அவர் வைத்த கருத்து. ராபர்ட் ஹாட்டன் பீத்தோவனை வைத்தே 1994-இல் ஒரு நூல் எழுதினார். இரண்டு எதிர்நிலைகளில் ஒன்று பொதுவாகவும் மற்றது சிறப்பாகவும் நிற்கும்போது, சிறப்பாக நிற்பதற்கே குறுகலான, கூர்மையான பொருள் கிடைக்கிறது என்கிறார். அந்தக் காலத்து இசையில் மேஜர் பொது, மைனர் சிறப்பு. க்ளுக்கின் மேஜர் மெட்டு இன்பத்துக்கும் துன்பத்துக்கும் வளைந்து கொடுக்கிறது. டைடோவின் மைனரை அவ்வளவு எளிதாக வளைக்க முடியாது. ஹான்ஸ்லிக்கின் சான்று க்ளுக்குக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதே என் முடிவு.

எடின்பரோவில் கற்பித்த ரேமண்ட் மொனெலைத் தவறவிடாதீர்கள். அழுகை என்ற சொல்லோடு பதினாறாம் நூற்றாண்டு மாட்ரிகல்களில் ஒட்டிக்கொண்ட இறங்கும் அரைச்சுரம், பிறகு சொல் கழன்றுபோன பின்னும் கருவியிசையில் பெருமூச்சாக வாழ்வதை அவர் தடம்பிடித்திருக்கிறார். டெரிக் குக்கை மட்டும் எச்சரிக்கையோடு படியுங்கள். ஒவ்வொரு சுர இடைவெளிக்கும் ஓர் உணர்ச்சி என்று 1959-இல் அவர் அகராதி போலத் தொகுத்தார். அவர் தரும் எடுத்துக்காட்டுகள் சிறந்தவை; அகராதி என்ற எண்ணம்தான் நிற்பதில்லை. உங்கள் 'ஆகவே'யும் அந்த அகராதியிலிருந்து வந்ததுதான்.

மூன்றாமாண்டு மாணவி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எல்லாமே மரபும் பழக்கமும்தான் என்றால், மேற்கத்திய இசையை ஒருபோதும் கேட்டிராத ஒருவருக்கு அது எதையுமே சொல்லாது என்று எழுதிவிடலாமா?

ஒத்திசைவு எழுதியது:

எழுத வேண்டாம், அது அடுத்த 'ஆகவே' ஆகிவிடும். கேமரூனின் வடபகுதி மலைகளில் வாழும் மஃபா மக்களிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. மேற்கத்திய இசையைக் கேட்டிராத அவர்கள், சில பியானோத் துணுக்குகளை மகிழ்ச்சி, துயரம், அச்சம் என்று தற்செயலுக்கு மேலான அளவில் சரியாகப் பிரித்தார்கள். ஆகவே நடை, வேகம் போன்றவை மரபைத் தாண்டியும் ஓரளவு கடக்கின்றன. (இந்த 'ஆகவே'க்குப் பின்னால் ஆய்வு இருக்கிறது, உங்கள் ஆசிரியர் வட்டமிட மாட்டார்.) மறுபுறம், பொலிவியாவின் சிமானே மக்களிடம் நடந்த ஆய்வு 2016-இல் வந்தது. நமக்கு இனிமையாக ஒலிக்கும் கார்டுகளும் உரசலாக ஒலிக்கும் கார்டுகளும் அவர்களுக்கு ஒரே அளவு இனிமையாகவே இருந்தன. மொத்தத் துயரம் ஒருவேளை கடல் தாண்டலாம். அஞ்சல் வண்டி ஹார்ன் தாண்டாது. கைவிடப்பட்ட வெனிஸ் மேடைப் பெண்ணும் தாண்ட மாட்டாள்.

மூன்றாமாண்டு மாணவி எழுதியது:

இரண்டு நாட்கள் கழித்துத் திரும்பி வருகிறேன். மாற்றி எழுதிய வாக்கியம் இது: "1680-களின் கேட்போர் புலம்பலோடு சேர்த்தே அறிந்திருந்த ஓர் இறங்கும் பேஸைப் பர்சல் எடுத்துக்கொண்டு, அதை ஐந்து பார்களாக நீட்டியமையால், டைடோவின் குரல் சுற்று முடியும் இடங்களில் நிற்காமல் அவற்றின் மேலேயே கடந்து செல்கிறது, அவள் விடைபெற முயல்கிறாள், பேஸ் மறுபடியும் தொடங்கிவிடுகிறது." வாய்ப்பாட்டுக்காரி என்பதால் குரல் எங்கே மூச்செடுக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன், சுற்றின் விளிம்பும் மூச்சின் இடமும் பொருந்தாதது அப்போதுதான் கண்ணில் பட்டது.

பழைய பியானோ எழுதியது:

நன்றாக இருக்கிறது. அந்தப் பென்சில் குறிகளோடு இசைக்குறிப்பின் பக்கத்தையே கட்டுரையில் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று: அவள் குரல் அடங்கிய பிறகு வரும் கருவியிசையை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அதுவரை அடியில் மட்டும் இறங்கிக்கொண்டிருந்த அரைச்சுரங்கள் அங்கே மேலே வயலினுக்கும் வந்துவிடுகின்றன. அதையும் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.